மெத்தை அங்கிளின் பாதிப் பாட்டு

ஒரு காதல் பாட்டைச் சத்தமில்லாமல் பதிவுசெய்ய மெத்தை அங்கிளைப்போலப் பாடுபட்ட மனிதர் கொழும்பு வெள்ளவத்தையில் வேறு எவரும் இல்லை. நடந்தவை ஒழுங்குமுறையாக:

1. எங்கள் தொடர்மாடியில், எங்களுக்கு மேல்வீட்டில் தனியாக இருந்த அங்கிள், காதல் பாட்டுகளைப் பாடிப் பதிவுசெய்யத் தொடங்கினார்.
2. வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க, அயல்வீடுகளில் மெத்தைகளை இரவல் வாங்கிச் சுவரெல்லாம் ஆணியடித்து மாட்டினார்.
3. கனடாவிலிருந்து கல்யாணத்துக்கு வந்த எங்கள் சித்தப்பா குடும்பம் பாயில் படுத்தது.
4. பார்மசி மிஸ் மெல்பேர்ண் போய்விட்டார்.

நான்காவதுக்கும் இரண்டாவதுக்கும் தொடர்பு உண்டென்பது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

அங்கிளுக்குக் கப்பல் கம்பனியில் கிளார்க் வேலை. பாடுவதெல்லாம் சோடிப் பாட்டு. அவருடைய போனில் ஒரு கரோக்கே ஆப் இருந்தது. ஆணின் வரிகளைப் பாடிப் பெண்ணின் வரிகளைக் காலியாக விட்டால், எங்கிருந்தும் யாரும் சேர்ந்து பாடி அனுப்பலாம். பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். அங்கிளுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. கோலாலம்பூர் அம்மா ஒருவர் உருகிப் பாடியபோது பின்னால் குக்கர் விசிலடித்தது, அழித்தார். இன்னொருவரின் மின்விசிறி கிறீச்சிட்டது, அழித்தார். பாடியவரின் பெயரைக்கூடப் பார்ப்பதில்லை.

அந்தக் காலி வரிகள் யாருக்கென்று மாடிப்படிக்கே தெரியும். கீழே பார்மசி வைத்திருந்த மிஸ்ஸிடம் நாள் தவறாமல் தொண்டை மாத்திரை வாங்குவார். மிஸ் ஊரிலுள்ள எல்லா ஆண்களையும் அண்ணை என்பார். அங்கிளை மட்டும் அப்படிச் சொன்னதில்லை.

அம்மா ஒருநாள் மெத்தையைத் திருப்பிக் கேட்கப் போனார்.

"தம்பி, கீழ போய் நேரில பாடினால் என்ன? என்ர மெத்தையும் மிஞ்சும்."

"முதல்ல ஒரு கிளீன் ரெக்கோர்டிங் வரட்டும் அக்கா. அதை அவவுக்கு அனுப்பிப்போட்டுக் கதைக்கிறன்."

அது வரவேயில்லை. உச்ச ஸ்தாயியைத் தொடும்போது கரையோரத் தண்டவாளத்தில் கோச்சி வரும். மெட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் ஓட்டோக்காரரிடம் பல்கனியிலிருந்து சிங்களத்தில் கெஞ்சுவார். அவரும் பெரிய மனதோடு மெட்டை நிறுத்திவிட்டு ஹோர்ன் அடிப்பார். நான் ஒலிப்பொறியியல் படித்தவள். மெத்தை எதிரொலியைக் குறைக்குமே தவிர ரயிலைத் தடுக்காது என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, வீட்டில் இன்னொரு மெத்தை இருக்கிறதா என்றார்.

பிறகு மிஸ் கடையை விற்றுவிட்டு, மெல்பேர்ணிலுள்ள தங்கையிடம் போக ஆயத்தமானார். பயணம் சொல்ல அங்கிள் வீட்டுக்கு வந்தபோது, அம்மாவும் நானும் எங்கள் மெத்தையைக் கழற்றிக்கொண்டிருந்தோம். மிஸ் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

"நானும் ஒருக்கா உங்கட பாட்டில சேர்ந்து பாடினனான்," என்றார். "அடுத்தநாள் பார்த்தால் காணேல்லை. என்ர குரல் பிடிக்கேல்லையாக்கும் எண்டு விட்டிட்டன்."

அங்கிள் கீழே கிடந்த ஆணியொன்றைப் பொறுக்கி எடுத்தார்.

"அதில கோச்சிச் சத்தம் இருந்ததோ, மிஸ்?"

"ஓம். கடைக்குப் பின்னால நிண்டுதானே பாடினனான். உங்களுக்குக் கேக்கிற அதே கோச்சிதான்."

அம்மா மெத்தையை அப்படியே விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் கீழே இறங்கினார்.

இப்போதைய நிலை இது. மெத்தைகள் எல்லாம் வீடு திரும்பிவிட்டன. எங்களுடையதில் ஆணி ஓட்டைகள் இருக்கின்றன. அங்கிள் அதே பாட்டை ஜன்னலைத் திறந்துவைத்துப் புதிதாகப் பாடி ஏற்றியிருக்கிறார். கோச்சி நன்றாகக் கேட்கிறது. யார் சேர்ந்து பாடினாலும் இப்போது அவர் அழிப்பதில்லை. மெல்பேர்ணிலிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. அவர் பாடத் தொடங்கினால் அம்மா கிரைண்டரை நிறுத்திவிடுகிறார், தேவையில்லை என்று அவர் சொல்லியும்.