குழாய்க்குள் ஒரு சேனாதிபதி

ஊரே குழாயடியில் நின்றது. தண்ணீருக்கு அல்ல. பெற்ற பிள்ளைகளின் மண்டைக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள.

திரைக்குப் பின்னால் ‘மழலை ஞானி’ அமர்ந்திருப்பார். திரையின் ஓட்டை வழியே ஒரு பித்தளைக் குழாய் வெளியே நீண்டிருக்கும். அடம்பிடிக்கும் பிள்ளையின் உச்சந்தலையில் அதன் முனையை வைக்க வேண்டும். மறுமுனையில் ஞானி காதை வைப்பார். பிள்ளையின் முகத்தைப் பார்க்கமாட்டார். பார்த்தால் சக்தி போய்விடுமாம். சற்று நேரத்தில் முற்பிறவி வெளியே வந்துவிடும். சாப்பிட மறுக்கும் பையன் சக்கரவர்த்தி. படுக்கையை நனைக்கும் பெண் கடலரசி. விசாரித்துப் பார்த்துவிட்டேன், முற்பிறவியில் குமாஸ்தாவாக இருந்த குழந்தை ஒன்றுகூட இல்லை. பெற்றோருக்குப் பெருமை தாங்கவில்லை. டிவியை உடைத்தால் என்ன, உடைத்தது மன்னர் அல்லவா!

அந்த வரிசையில்தான் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும் நின்றார்கள். அவர்களுடைய நாலு வயது மகள் குட்டி, தம்பி பிறந்ததிலிருந்து கடிக்கத் தொடங்கியிருந்தாள். முதலில் தலையணையை, பிறகு அப்பாவின் கையை. தம்பியின் காலைக் கடித்த அன்று இருவரும் பயந்துபோனார்கள்.

“உள்ளே சேனாதிபதி இருக்கான்,” என்றார் ஞானி. “கோபம் வந்தா இருட்டறையில போட்டுப் பூட்டுங்க. அழுதாலும் திறக்காதீங்க. அழுறது அவன், உங்க பொண்ணு இல்ல.”

பூட்டினார்கள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை ஊரெல்லாம் போய் மீட்கும் மனிதர், சொந்த மகளை அடைத்துவிட்டு வெளியே நின்றார். உள்ளே சேனாதிபதி “அம்மா, அம்மா” என்று கதறினார். அம்மா தாழ்ப்பாளில் கையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

அப்போதுதான் சித்தி வந்தாள், அம்மாவின் தங்கை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிரேக் என்றால் ஆக்சிலரேட்டரை மிதிப்பவர்களோடு காலம் தள்ளுபவள், எளிதில் பதறமாட்டாள். அன்று பதறினாள். கதவைத் திறந்தாள். குட்டி வியர்வையில் நனைந்து, குரல் போய், நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா இது?”

“ஞானி சொன்னாருடி...”

“சரி, அந்த ஆளை நானும் பார்க்கணும். நாளைக்கு என் பிள்ளையையும் தூக்கிட்டு வர்றேன்.”

“உனக்கு ஏதுடி பிள்ளை?”

“சாயங்காலம் வாங்கிடுவேன்.”

மறுநாள், போர்வையில் சுற்றிய ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு சித்தி திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். குழாய் முனையைப் போர்வைக்குள் செருகினாள்.

“குழந்தை என்ன பண்ணுது?” என்றது திரை.

“பேசவே மாட்டேங்குதுங்க. கூப்பிட்டா திரும்புறதில்ல. வெச்ச இடத்துலயே கெடக்கு. லேசாத் தள்ளினா உருளுது.”

“உருளுதா? அடங்காத கோபம்!” குழாய் லேசாக அசைந்தது. “கேட்குது... பெரிய போர்க்களம்... உள்ளே ஒரே சிவப்பு!”

“அதை மட்டும் ஒத்துக்கறேன்,” என்றாள் சித்தி.

“இவனும் சேனாதிபதிதான். இருட்டறையில பூட்டுங்க. அழுதாலும் திறக்காதீங்க.”

“அழுதா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லி அனுப்புவேன்.”

போர்வையை விலக்கினாள். கொழுகொழுவென்று ஒரு தர்பூசணி.

கூட்டத்தில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். ஞானி திரையை விலக்கி, சக்தி போவதையும் பொருட்படுத்தாமல் எட்டிப் பார்த்தார்.

“பழத்துக்கும் முற்பிறவி உண்டு!” என்று கத்தினார்.

“இருக்கட்டுமே. அழுமா?”

பின்கதவு சாத்தப்படும் சத்தம் மட்டும் வந்தது. “அப்போ என் பையன் சக்கரவர்த்தி இல்லையா?” என்று ஒரு தகப்பன் கண்கலங்கினார். பாவம், ஒரே நொடியில் ராஜ்ஜியம் போய்விட்டது.

கூட்டத்தில் நின்று பார்த்த லிஃப்ட் மெக்கானிக், வீடு திரும்பியதும் தரையில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏம்மா கடிக்கிறே?”

அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. குட்டி தன் கால்விரலைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

“கடிச்சாத்தான் அம்மா என்னைப் பார்க்கறா.”

அம்மா கைக்குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். கடி அன்றோடு நின்றுவிடவில்லை. இது அற்புதம் அல்லவே. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ஞானி இப்போது வேறு ஊரில் கடை விரித்திருக்கிறாராம். கூட்டம் அலைமோதுகிறதாம். தாராளமாகப் போங்கள். பிள்ளையின் மண்டைக்குள் யார் இருக்கிறார் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் மண்டையை ஒருமுறை தட்டிப் பாருங்கள். உள்ளே ஆள் இருந்தால் திரும்பி வந்துவிடுவீர்கள்.