பதினேழாம் எண் வீட்டார் உயிரோடிருப்பது குறித்து

எங்கள் தெருவில் பதினேழாம் எண் வீட்டுத் தம்பதியர் காலமாகிவிட்டார்கள் என்று நகராட்சி ஒரு செவ்வாய்க்கிழமை முடிவு செய்தது. அந்தத் துக்கச் செய்தியை அவர்களுக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டது.

காரணம் குப்பை. வீடு வீடாக வரும் குப்பை வண்டியில் இப்போது தராசு வைத்திருக்கிறார்கள். எந்த வீட்டில் எத்தனை கிலோ என்று அது தானே குறித்துக்கொள்ளும். பதினேழாம் எண்ணுக்கு ஆறு மாதமாகப் பூஜ்யம். குப்பை போடாத வீட்டில் ஆள் இருக்க முடியாது, ஆளில்லாத வீட்டுக்குத் தண்ணீர் எதற்கு? ஆகவே ஒரு மாதத்தில் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்றது கடிதம்.

அந்த வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பெயர் 'வேண்டாம் சார்'. யார் எதை விற்க வந்தாலும், வந்தவர் வாயைத் திறக்குமுன் "வேண்டாம் சார்" என்று சொல்லிவிடுவார். மனைவி கணக்கு டீச்சர். அவர்கள் வீட்டில் காய்கறித் தோல் செடிக்குப் போகும், கிழிந்த சட்டை கரித்துணியாகும், கரித்துணி கால்மிதியாகும். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு இதையெல்லாம் பார்த்து வயிற்றெரிச்சல்தான். ஒருவர் இவ்வளவு ஒழுங்காக வாழ்ந்தால், பக்கத்தில் இருப்பவன் நிம்மதியாக எட்டாவது ஜோடி செருப்பை எப்படி வாங்குவது?

மாதக் கடைசியில் அவர்கள் மகள் கைக்குழந்தையோடு வருவதாக இருந்தாள். தண்ணீர் இல்லாத வீட்டில் பச்சைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டீச்சர் கலங்கிப்போனார். என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு இருவரும் அலுவலகம் போனார்கள்.

அதிகாரி மிகவும் மரியாதையானவர். அவர் தலைக்கு மேல் 'குறைவாக வாங்குவோம், பூமியைக் காப்போம்' என்று பளபளக்கும் பிளாஸ்டிக் பேனர். போன மாதத்துப் பேனரின் மேலேயே அதை ஒட்டியிருந்தார்கள்.

"நாங்க உயிரோடதான் இருக்கோம் சார். இதோ நிக்கிறோமே" என்றார் டீச்சர்.

"நீங்க நிக்கிறது எனக்குத் தெரியுதும்மா. கம்ப்யூட்டருக்குத் தெரியலையே. வாரம் அஞ்சு கிலோ குப்பை, நாலு வாரம் விடாம போடுங்க. உயிரோட இருக்கறதா சர்ட்டிபிகேட் தானா வந்துடும்."

"காய்கறித் தோலை வேணும்னா போட்டுடறோம்."

"அது சேராதும்மா. தோல், சருகெல்லாம் மாடுகூடத்தான் சிந்தும். அட்டைப்பெட்டி, கவர், தெர்மாகோல்... மனுஷனால மட்டுமே போட முடிஞ்சதா இருக்கணும்."

"எங்க வீட்ல அதெல்லாம் கிடையாதே" என்றார் வேண்டாம் சார்.

அதிகாரி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "வாங்குங்க சார். எல்லாரும் வாங்கல?"

முதலில் எங்கள் வீட்டுக் குப்பையை இரவல் கொடுத்தோம். எங்களுக்கு வாரம் ஒன்பது கிலோ சர்வசாதாரணம். ஆனால் கவர்களில் இருந்த என் விலாசத்தை வண்டியின் கேமரா படித்துவிட்டது. அவர்களுக்கு 'பிறர் குப்பையைத் தமதெனக் காட்டியமை' என்று நோட்டீஸ். எனக்கு வந்தது விசாரிப்பு: 'தங்கள் குப்பையில் திடீர்ச் சரிவு காணப்படுகிறது. குடும்பத்தில் யாரேனும் இறந்துவிட்டார்களா?'

வேறு வழியில்லை, வாங்க ஆரம்பித்தார்கள். டீச்சர் கணக்கில் புலி. "பொருளைப் பாக்காதீங்க, பெட்டியைப் பாருங்க" என்றார். 'ஊசி வாங்கினேன், பெட்டிக்குள்ளே அதைத் தேட அரை நாள் ஆனது' என்று யாரோ இணையத்தில் திட்டி எழுதியிருந்ததைப் படித்து, அதே ஊசியில் பத்து பாக்கெட் வாங்கினார். வாழைப்பழம் நறுக்கும் கருவி வந்தது. காலுறை மாட்டிவிடும் கருவி வந்தது. அவித்த முட்டைக்குத் தொப்பி ஒரு டஜன் வந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் கவர், கவருக்குள் காற்று, காற்றுக்கு நடுவே தொப்பி.

வெளிப்பெட்டியும் கவரும் வண்டிக்குப் போயின. பொருள்கள் உள்பெட்டியோடு வீட்டிலேயே தங்கின. "புத்தம்புதுசை எப்படிங்க தூக்கிப் போடறது?" என்றார் டீச்சர். ஆயுள் முழுக்க எதையும் வீணாக்காத கை அது.

நாலாவது வாரம் சர்ட்டிபிகேட் வந்தது. பிளாஸ்டிக் சட்டம் போட்டு, தெர்மாகோல் சுற்றி, பெட்டியில் வந்தது. வேண்டாம் சார் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "அரைக் கிலோ தேறும்" என்றார். மறுநாள் வாசலில் யாரோ எதையோ விற்க வந்தபோது அவர், "எதுக்கும் ரெண்டு கொடுங்க சார்" என்றது என் காதில் விழுந்தது. எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

மகள் வந்தாள். குழந்தைக்குப் பாய் விரிக்க ஓரடி இடமில்லை. கடைசியில், பெரிதாக வந்த ஒரு பெட்டியில் துணி மடித்துப் போட்டுப் படுக்க வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து, இணைப்பைத் தொடர்வதற்கு முன் நேரில் பார்க்க வேண்டும் என்று குடிநீர்ப் பிரிவு ஆய்வாளர் வந்து, வாசலில் நின்றபடியே எண்ண ஆரம்பித்தார். முப்பத்தாறு பெட்டி எண்ணினார். முப்பத்தேழாவது அழுதது.

"பேட்டரியா?" என்றார்.

"பேத்தி!" என்றார் டீச்சர்.

ஆய்வாளர் ஏற்கெனவே எழுதிவிட்டார். உத்தரவு மூன்றாம் நாள் வந்தது: இது வீடு அன்று, சரக்குக் கிடங்கு. சரக்குக்குத் தாகம் எடுக்காது. குழாயை அடைத்துவிட்டுப் போனார்கள்.

"உயிரோட இருக்கோம்னு உங்க ஆபீஸ்தானே சர்ட்டிபிகேட் கொடுத்துச்சு?" என்று டீச்சர் சண்டைக்குப் போனார். அதிகாரி பொறுமையாக விளக்கினார். உயிரோடிருப்பது குப்பைப் பிரிவின் முடிவு, குடியிருக்கவில்லை என்பது குடிநீர்ப் பிரிவின் முடிவு. கிடங்கிலும் உயிரோடு இருக்கலாம், சட்டத்தில் தடையில்லை.

நான் சிரித்தது ஒரு வாரம்தான். ஆய்வாளர் மற்ற வீடுகளுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். பதினாறாம் எண் கிடங்கு. பதினெட்டு, அதாவது நான், இரண்டு மாடிக் கிடங்கு.

இப்போது தெரு முழுவதும் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம். பேத்தியைக் குளிப்பாட்ட மட்டும் ஒரு நாளைக்குப் பத்துப் பாட்டில். காலிப் பாட்டில்களை ஏற்ற இன்னொரு வண்டி விட்டிருக்கிறார்கள். எடையில் எங்கள் தெருதான் ஊரில் முதலிடம். நாங்கள் அத்தனை பேரும் உயிரோடிருக்கிறோம் என்பதில் அலுவலகத்துக்கு இப்போது எந்தச் சந்தேகமும் இல்லை.