தீபாவளிக் கூட்டத்தில் ஒரு மனை ஏலம்

என் மனைவி யாரென்றே எனக்குத் தெரியாது என்று நான் ஒருமுறை பொது இடத்தில் சொல்லியிருக்கிறேன். அதுவும் அவள் காதில் விழும்படி.

எல்லாம் ஒரு கிரவுண்டு மனையால் வந்தது. கூடுவாஞ்சேரிக்கு அப்பால் என் அப்பா வாங்கிப் போட்டுவிட்டுப் போன மனை. மகளின் மேற்படிப்புக்காக அதை விற்க முடிவு செய்தோம். சைதாப்பேட்டைத் தரகர் முனுசாமி இரண்டு வருடமாக ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். வந்தவர்கள் மனையைச் சுற்றிப் பார்த்து, என் செலவில் இளநீர் குடித்து, தென்மேற்கு மூலை சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த நேரத்தில்தான் ஓர் ஏல நிறுவனத்தின் விளம்பரம் என் கைப்பேசிக்கு வந்தது. ஒரே நாளில் விற்றுவிடலாமாம், போட்டி போட்டு விலை ஏறுமாம். நான் அன்றைக்கே முனுசாமிக்கு விடை கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை.

"ரெண்டு பேரு மோதிக்கினாதான் சார் அது ஏலம். ஒர்த்தன் மட்டும் வந்தான்னு வெச்சிக்கோ, அவன் சொல்றதுதான் ரேட்டு" என்றார்.

(கமிஷன் போகிறதே என்ற வயிற்றெரிச்சல், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.)

நிறுவனத்தின் மேலாளர் டை கட்டியிருந்தார். டை கட்டியவர்கள் சொல்வதை அந்தக் காலத்தில் நான் அப்படியே நம்பிவிடுவேன். குறைந்தபட்ச விலை என்று ஒன்று வைத்தால் ஆட்கள் தயங்குவார்கள், வைக்காவிட்டால் விறுவிறுவென்று ஏறும் என்றார். வைக்கவேண்டாம் என்றேன். ஆறு பக்க ஒப்பந்தத்தில் நான் சரிபார்த்தது என் பெயரை மட்டும்தான். எழுத்துப்பிழை இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

இடத்தையும் நாளையும் நானே தேர்ந்தெடுத்தேன். தி. நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டி ஒரு மினி ஹால். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. ஊரே அங்கேதானே இருக்கும் என்பது என் புத்திசாலித்தனம்.

ஊரே அங்கேதான் இருந்தது. நிலம் வாங்க வரவேண்டியவர்களுக்குத்தான் கார் நிறுத்த இடமில்லை. முன்பணம் கட்டி எண் அட்டை பெற்ற ஒன்பது பேரில் ஏழு பேர் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள் என்று மேலாளர் வந்து சொன்னார். ஆனாலும் ஹால் நிரம்பி வழிந்தது. எல்லாரும் ஏசிக்காக வந்து உட்கார்ந்தவர்கள். வாசலில் 'ஏலம்' என்ற பேனரைப் பார்த்த ஒரு பெண்மணி, நைட்டி எந்த மாடி என்று என்னிடமே கேட்டார்.

மீதி இரண்டு பேரில் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். பக்கத்துத் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். கடையிலிருந்து நடந்தே வந்துவிட்டார். அவர் அட்டையைத் தூக்கி ஒரு விலை சொன்னார். அப்பா அந்த மனையை வாங்கிய காலத்து விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

"ஒரு தரம்" என்றார் ஏலம் விடுபவர்.

நான் எழுந்து, விற்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேலாளர் ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தைப் பணிவோடு நீட்டினார். ஏலம் தொடங்கியபின் விற்பவர் பின்வாங்க முடியாது.

"ரெண்டு தரம்."

உட்கார்ந்துவிட்டேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் அட்டை உயர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். மடியில் புடவைக்கடைப் பையோடு என் மனைவி ரீட்டா. மகளுக்குச் சுடிதார் எடுக்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனவள்.

கடைக்காரர் விலையை ஏற்றினார். ரீட்டாவும் ஏற்றினாள். நைட்டி தேடி வந்த பெண்மணிகூட உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். நாலைந்து சுற்றுக்குப் பிறகு கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா அண்ணாச்சி? விடமாட்டேங்காவளே" என்றார்.

மனைவி என்று சொன்னால் ஏலத்தில் தில்லுமுல்லு என்று அவர் கத்துவாரோ, எங்கள் இருவரையும் போலீசில் பிடித்துக் கொடுப்பார்களோ என்று என் மூளை என்னென்னவோ யோசித்தது.

"தெரியாது" என்றேன். பேதுருவாவது இயேசுவைத் தெரியாதென்று இருட்டில், குளிர் காய்ந்துகொண்டு மறுதலித்தார். நான் பட்டப்பகலில், ஏசி ஹாலில்.

இன்னும் ஒரு சுற்றில் கடைக்காரர் அட்டையை மடியில் வைத்துவிட்டார். மூன்றாம் தரம் சொல்லி, என் நிலம் என் மனைவிக்கு விற்கப்பட்டது.

வெளியே மாம்பலம் ஸ்டேஷன் கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. எங்கே பணம் என்று கேட்டேன். மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்து, அந்த மே மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். பி.எஃப். பணம் என்றாள்.

"நீங்க கையெழுத்துப் போட்ட அன்னிக்கே ஒப்பந்தத்தைப் படிச்சிட்டேன். குறைஞ்ச விலையே வைக்கல. சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்கமாட்டேன்.

நிறுவனம் விற்றவரிடமும் வாங்கியவரிடமும் தனித்தனியாகக் கமிஷன் வாங்கிக்கொண்டது. பத்திரம் எழுதுபவர் இரண்டு ஆதாரிலும் ஒரே முகவரியைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். புருஷன் பெண்டாட்டிக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தால் கால்வாசிச் செலவில் முடிந்திருக்குமே, எதற்கு சார் கிரயம் என்று கேட்டார். ரீட்டா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அந்தப் பணத்தில் மகள் படித்து முடித்தாள். மனை இன்றும் ரீட்டா பெயரில்தான் இருக்கிறது. விலையும் நன்றாக ஏறிவிட்டது. வேலி போடலாமா என்று கேட்கக்கூட எனக்கு உரிமையில்லை.

போன வருடம் மகளின் நிச்சயதார்த்தம் சாந்தோமில் நடந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா வெளியூரிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்தார். பந்தியில் வடை வைத்துக்கொண்டிருந்த என்னைக் காட்டி, இவர் யாரென்று ரீட்டாவிடம் விசாரித்தார்.

"தெரியாதுங்க" என்றாள் ரீட்டா. "எனக்கு ஒரு நிலம் வித்தவரு."