கதைக்குப் பத்து மார்க்

“கதை அரதப்பழசுய்யா” என்று மூன்றாவது முறையாகச் சொன்னார் தயாரிப்பாளர் வெங்கடசுப்ரமணியன். படம் எடுத்து முடித்து, இரண்டு வருடம் கிராஃபிக்ஸ் வேலையும் நடந்து முடிந்து, போஸ்டர் அடிக்கப் போகிற நேரத்தில் அவருக்கு இந்த ஞானம் பிறந்திருந்தது.

உத்தமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் அறுபது பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் அந்த கிராஃபிக்ஸ் கம்பெனிக்கு அவன்தான் தலைமை. இந்தப் படத்துக்காக இரண்டு தீபாவளியை மானிட்டர் முன்னால் கொண்டாடியவன்.

“ராஜாவ அவர் தம்பியே கொல்றான். குழந்தைய ஆத்துல விடறாங்க. வேடன் எடுத்து வளக்கறான். வளந்து வந்து சித்தப்பன பழி வாங்கறான். எங்க தாத்தாவே இத கொட்டாவி விட்டுக்கிட்டுதான்யா பாத்திருப்பாரு.”

“கதைய யார் சார் பாக்கறாங்க?” என்றான் உத்தமன். “ஏழுதலை நாகம் வருதே, அதோட ஒவ்வொரு செதிலும் தனித்தனியா மூச்சு விடும். பறக்கற குதிரையோட பிடரி மயிருக்கு மட்டும் ஆறு மாசம் ஆச்சு. அந்த வெள்ளத்தப் பாத்தா சீட்டுல காலத் தூக்கி வெச்சுப்பான். அப்ப எவனுக்கு சார் சித்தப்பன் ஞாபகம் வரும்?”

“ஜனங்களும் பழசுன்னு சொன்னா?”

“சொன்னா நானும் என் அறுபது பேரும் வேலைய விட்டுட்டுப் போறோம்.”

அறுபது பேரை அவன் கேட்கவில்லை. கோபத்தில் அதற்கெல்லாம் ஏது நேரம்!

வெங்கடசுப்ரமணியன் சிரித்தார். “சரி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் போட்டுக் காட்டு. சினிமாக்காரங்க ஒருத்தரும் வேணாம், சாதாரண ஜனங்க. கதைக்கு பத்துல எவ்வளவு, காட்சிக்கு பத்துல எவ்வளவுன்னு ஃபாரத்துல எழுதித் தரட்டும். நல்லா வந்தா ரெண்டாம் பாகமும் உங்களுக்குத்தான். இல்லேன்னா நீயே சொல்லிட்ட.”

சாதாரண ஜனங்களுக்கு எங்கே போவது? உத்தமனுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள். கடைசியில் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் பாஞ்சாலிதான் கை கொடுத்தாள்.

“ஈஜிபுரால எங்க தெருவையே இட்டாறேன் சார். செக்யூரிட்டி, கார்மென்ட்ஸ், கேட்டரிங், லோடு ஏத்தறவங்க, அல்லாரும் இருக்காங்க. நாப்பது பேர் போதுமா?”

“போதும். படம் நல்லா இருக்கும், பாருங்க.”

“நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னுதான் எழுதுவோம். பரவாயில்லையா?”

உத்தமனுக்கு அந்தத் துணிச்சல் பிடித்திருந்தது. “எழுதுங்க. என் நாகத்தப் பாத்துட்டு அப்புறம் எழுதுங்க” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை, அடுகோடி பகுதியில் ஒரு சின்ன பிரிவியூ தியேட்டர். நாற்பது பேரும் சுத்தமாக உடுத்திக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வராதது தயாரிப்பாளர் மட்டும்தான். ஓசூர் ரோட்டு நெரிசலில் கார் நகரவில்லை, ஆரம்பித்துவிடுங்கள் என்று போன் செய்தார். விளக்கை அணைத்தார்கள்.

பத்தாவது நிமிடத்தில் கதாநாயகன் பறக்கும் குதிரை மேல் ஏறினான். குதிரையைக் காணோம். தலை முதல் கால் வரை பச்சைத் துணி மாட்டிய ஓர் ஆள் குனிந்து நிற்க, அவர் முதுகில் கதாநாயகன் கம்பீரமாக உட்கார்ந்திருந்தான்.

உத்தமன் இருக்கையிலிருந்து துள்ளி எழுந்தான். இந்த மாதிரிப் படங்களில் குதிரைக்கும் பாம்புக்கும் பதிலாகப் பச்சை உடுப்புக்காரர் ஒருவரை வைத்துத்தான் படம் பிடிப்பார்கள். பிறகு அவரை அழித்துவிட்டு அந்த இடத்தில் குதிரையை வரைவார்கள். இரண்டு வருடமாக உத்தமன் கூட்டம் அழித்துக்கொண்டிருந்தது இந்த ஆளைத்தான். அழிக்காத பிரதி எப்படி இங்கே வந்தது?

படத்தை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்தவன் அவன் கம்பெனிப் பையன் கிரண். அவனை வெளியே இழுத்துக்கொண்டு போனான்.

“எதைடா காப்பி பண்ணே?”

“ஃபைனல்னு இருந்தது சார். அதத்தான்.”

“எந்த ஃபைனல்?”

கிரண் தலையைச் சொறிந்தான். “ஆறு ஃபைனல் இருந்தது சார். எது நம்மளுதுன்னு கொத்தில்லா, தெரியல.”

உண்மைதான். எடிட்டர் வேலை முடித்ததும் ஃபைனல் என்று பெயர் வைப்பார். சவுண்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு ஃபைனல். கிரண் எடுத்து வந்தது எடிட்டருடைய ஃபைனல், கிராஃபிக்ஸ் ஆரம்பிப்பதற்கு முந்தையது.

“ஓடு! ஆபீஸ் போய் சரியானத எடுத்துட்டு வா.”

கிரண் பைக்கை உதைத்தான். உத்தமன் ப்ரொஜெக்டர் அறைக்கு ஓடினான். அங்கே ஆபரேட்டர் ஹெர்பர்ட் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“நிறுத்துங்க சார்! தப்பான படம்!”

“நிறுத்தினா அவ்ளோதான் மேன். ஆறு மணிக்கு வேற பார்ட்டி வராங்க. மறுபடி இன்னிக்கு ஹால் கிடைக்காது.”

நிறுத்தவும் முடியாது, ஓடவிடவும் முடியாது. உத்தமன் ஒரு முடிவுக்கு வந்தான். மைக்கை எடுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

“அன்பான பார்வையாளர்களே! அந்தப் பச்சை ஆள் ஆள் இல்லை. அவர் ஒரு குதிரை.”

நாற்பது பேரும் பச்சை ஆளை உற்றுப் பார்த்தார்கள். அதுவரை கதாநாயகனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட இப்போது அவரைத்தான் பார்த்தார்கள்.

“குதிரையா?” என்றது ஒரு குரல். “அவ்வளவு கனமான ஆள முதுகுல ஏத்திக்கினு? ஐயே, பாவம்.”

அடுத்த காட்சியில் பச்சை ஆள், ஏழு பந்து கட்டிய கம்பு ஒன்றை ஆட்டிக்கொண்டு வந்தார்.

“இவர் இப்போது குதிரை இல்லை. ஏழுதலை நாகம்” என்றான் உத்தமன். ஒவ்வொரு செதிலாக மூச்சு விடும் நாகம். அந்த இடத்தில் ஏழு டென்னிஸ் பந்து!

கதாநாயகன் கத்தியால் குத்தினான். பச்சை ஆள் சுருண்டு விழுந்தார். “ச்சூ” என்று தியேட்டரே உச்சுக்கொட்டியது. அடுத்த நிமிடம் அவரே எழுந்து வந்து, மலையிலிருந்து விழுந்த கதாநாயகியைக் கையில் ஏந்தினார். விசில் பறந்தது.

கேலி செய்கிறார்கள் என்று உத்தமனுக்கு உடம்பெல்லாம் கூசியது. மறுபடி ஹெர்பர்ட்டிடம் ஓடினான்.

“வெளிச்சத்தக் குறைங்க. பச்சை தெரியக் கூடாது.”

“உன் இஷ்டம் மேன்.”

குறைத்தார். அரண்மனை மறைந்தது, மலை மறைந்தது, கதாநாயகனின் முகமும் இருட்டில் மூழ்கியது. பளீரென்ற அந்தப் பச்சைத் துணி மட்டும் திரை நடுவே தனியாக ஜொலித்தது. இனி பார்க்க வேறு எதுவுமே இல்லை என்று ஆகிவிட்டது.

பச்சை ஆள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார், அது வெள்ளம். கதாநாயகன் அம்பு விட்டதும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, பொறுமையாக இருபது அடி நடந்து போய், வில்லன் நெஞ்சில் வைத்துவிட்டு வந்தார். கைதட்டல் காதைப் பிளந்தது. கடைசியில் பட்டாபிஷேகம். அந்தரத்தில் மிதக்க வேண்டிய வெண்கொற்றக் குடையைப் பச்சை ஆள் கை வலிக்கப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் மன்னனுக்குப் பூத் தூவினார்கள். படம் முடிந்தது. நாற்பது பேரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

கிரண் அப்போதுதான் மூச்சிரைக்க உள்ளே வந்தான், சரியான டிஸ்க்கைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு. உத்தமன் அவனை அடிக்கவில்லை. அடிக்க நேரமில்லை, ஃபாரங்கள் கைமாறிக்கொண்டிருந்தன. காட்சிக்கு இவர்கள் பூஜ்யம் போட்டால் அவ்வளவுதான். கடைசியாக ஒரு யோசனை தோன்றியது.

“காட்சிக்கு மார்க் போடாதீங்க! அந்தக் கட்டத்தக் காலியா விடுங்க. கதைக்கு மட்டும் போடுங்க.”

சொல்லும்போதே அவன் நாக்கு கசந்தது. கதையை யார் பார்க்கிறார்கள் என்று மார்தட்டியவன், கதைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

வெங்கடசுப்ரமணியன் வந்து சேர்ந்தபோது நாற்பது ஃபாரங்களும் மேஜை மேல் இருந்தன. ஒன்றைப் புரட்டினார், இன்னொன்றை, பிறகு எல்லாவற்றையும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“கதைக்கு பத்து. பத்து. பத்து. இங்க ஒருத்தர் பதினொண்ணு போட்டிருக்காரு. காட்சிக்கு மட்டும் ஒருத்தர்கூட ஒரு மார்க் போடலையே!”

“அது வந்து சார்…”

“நான்தான்யா முட்டாள். கதை பழசுன்னு பயந்தேன். உன் நாகம், குதிரை, வெள்ளம் எதையும் ஜனங்க சட்டையே பண்ணல. கதைக்குத்தான் மார்க்க அள்ளிப் போட்டிருக்காங்க. ரெண்டாம் பாகத்துக்கு இந்த கிராஃபிக்ஸே வேணாம். நீயும் உன் அறுபது பேரும் வேற வேலை பாத்துக்கலாம்.”

அறுபது முகங்களும் உத்தமன் கண் முன்னால் வந்து போயின. இனி மறைக்க என்ன இருக்கிறது? நிமிர்ந்து நின்றான்.

“வேலை போனா போகட்டும் சார். ஆனா என் நாகத்தப் பாக்காதவங்க அத சட்டை பண்ணலன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். அவங்க பாத்தது என் படமே இல்ல. கிராஃபிக்ஸ் போடாத காப்பி. குதிரை இல்ல, பாம்பு இல்ல, வெள்ளம் இல்ல. பச்சைத் துணி மாட்டின ஒரு ஆள்தான் படம் பூரா. காட்சிக்கு மார்க் போட வேணாம்னு சொன்னதும் நான்தான். இப்பவும் சொல்றேன், கண்ணுக்கு நெறவா காட்டினா அந்த அரதப்பழசு கதை தானா ஓடும்.”

தயாரிப்பாளர் ஃபாரங்களை மறுபடி புரட்டினார். “அப்ப வெறும் கதைய மட்டும் வெச்சு எப்படிய்யா பத்து போட்டாங்க? பிரியாணி வாங்கிக் குடுத்தியா?”

“டீகூட இன்னும் குடுக்கல சார்.”

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பாஞ்சாலியை அவர் கைதட்டி அழைத்தார். “இந்தாம்மா, இங்க வா. ராஜா, சித்தப்பன், ஆத்துல விட்ட குழந்தை. இந்தப் பழைய கதைக்கு எதுக்கு இத்தன மார்க்?”

பாஞ்சாலி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் பார்த்த படம் எது என்று அவளுக்கு விளங்கவில்லை.

“பழைய கதையா? ஒரு மனுசன் குதிரையா சுமக்கறாரு, பாம்பா குத்து வாங்கறாரு, விழறவங்களத் தாங்கறாரு, கடைசில குடையும் புடிச்சிக்கினு நிக்கறாரு, கூடவே இருக்கற ராஜா கண்ணுக்கு மட்டும் அவரு தெரியவே மாட்டேங்கறாரு. எங்க கதைய இத்தினி வருசத்துல நீங்கதான் சார் மொத மொத எடுத்திருக்கீங்க!”