பாபு, கேர் ஆஃப் ஆரோக்கியசாமி

அன்று தபாலாபீஸ் கவுண்டரில் நான் இருந்தேன், அம்மா இருந்தார், அறுபது மாத்திரை இருந்தது. அதை விழுங்க வேண்டிய அண்ணன் மட்டும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் அணைக்கட்டு வேலையில் இருந்தார்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் சீட்டு சார். எண்பதுகளில் அவரைத் தாண்டிப் பம்மலிலிருந்து ஒரு சொட்டு இருமல் மருந்துகூட வெளியூர் போனதில்லை. டாக்டர் சீட்டு கூடவே போக வேண்டும், பேர் பொருந்த வேண்டும் என்பார். யாரோ மகளுக்கு ஓமப்பொடி அனுப்பியபோது, "ஓமம் ஜீரணத்துக்குத்தானே? சீட்டு எங்க?" என்று மடக்கியவர். திருநீர்மலைப் பிரசாதத்தில் இருந்த துளசியையும் சந்தேகப்பட்டார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். விலாசத்தில் அண்ணனின் ஞானஸ்நான சர்ட்டிபிகேட் பேரைப் பெருமையாக எழுதியிருந்தேன்.

"சீட்டுல பாபு. விலாசத்துல ஆரோக்கியசாமி. பாபு மாத்திரைய ஆரோக்கியசாமி முழுங்கலாமா தம்பி?"

"ரெண்டும் ஒரே ஆளு சார். பாபு வீட்டுப் பேரு."

"ரூல்ல வீட்டுப் பேரு கெடையாது."

அம்மா பொங்கிவிட்டார். "இன்னா சார் பேஜார் பண்ற? பெத்தவ நான் சொல்றேன், ரெண்டும் ஒண்ணுதான். வலிப்பு வந்து சாரத்துலேர்ந்து வுழுந்தான்னா உன் ரூலா வந்து புடிக்கும்?"

டாக்டர் ஊரில் இல்லை. அண்ணனிடம் எட்டு நாள் மாத்திரைதான் மிச்சம். பார்சல் போகவே ஆறு நாள். பாபு என்று மட்டும் எழுதினால் அங்கே யாருக்கும் தெரியாது.

சீட்டு சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பேனாவை எடுத்து எழுதினார்: 'பாபு, கேர் ஆஃப் ஆரோக்கியசாமி.'

"மாத்திரை பாபுக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக் குடுக்கறது ஆரோக்கியசாமி. இப்ப எவன் கேப்பான்?"

அண்ணன் தனக்குத்தானே கேர் ஆஃப் ஆனார்.

ஏழாம் நாள் பார்சல் சேர்ந்தது. அண்ணன் கடிதம் போட்டார்: 'மாத்திரையைப் பாபுவிடம் கொடுத்துவிட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான்.'

அதைச் சீட்டு சாரிடம் காட்டினேன். சிரிப்பார் என்று பார்த்தால், இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாபு தேறிட்டான். அந்த ஆரோக்கியசாமியும் நல்ல பையன்தான், பொறுப்பாக் குடுத்துருக்கான்" என்றார். அப்புறம் எங்களைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் இருவரையும் தனித்தனியாக விசாரிப்பார். அம்மாவும் தனித்தனியாகவே பதில் சொல்லப் பழகிவிட்டார்.

அந்த இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்ற எங்களுக்கு ஆன தபால் செலவு, பதினோரு ரூபாய்.