எல்லைக்குள் ஒரு முட்டை

ஒரு காட்டில், குயில்கள் இன்னும் சொந்தமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்த நாட்களில், ஓடையின் கீழ்க்கரையில் இருந்த வேப்பமரத்தில் ஒரு குயில் தம்பதி குடியிருந்தது. கூடு அப்படியொன்றும் அழகானதில்லை. மழை பெய்தால் ஒழுகும், காற்றடித்தால் ஒரு பக்கம் சாயும். ஆனால் சொந்தக் கூடு.

ஆண்குயில் பாடும். இருட்டு மெல்ல நரைக்கத் தொடங்கும் நேரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு கூவலையும் முந்தையதைவிட ஒரு படி உயர்த்தி, இனி ஏற இடமில்லை என்ற இடத்தில் சட்டென்று நிறுத்திவிடும். பிறகு நாள் முழுவதும் பழம் தின்னும். பெண்குயிலுக்குப் பாட்டு வராது. கேட்கத் தெரியும்.

முட்டையிடும் பருவம் வந்தது. முட்டை வருவதற்கு முன்பே அதற்கு இசைவாணன் என்று பெயர் வைத்தார்கள். பெயர் முடிவானதும் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

"எந்தப் பள்ளிக்கூடம்னு முதல்ல முடிவு பண்ணணும்ங்க. அப்புறம்தான் எந்த மரம்னு பார்க்கணும்," என்றது பெண்குயில்.

"மரந்தான் இருக்கே."

"இந்த மரத்துல இருந்தா கீழ்க்கரைப் பள்ளிக்கூடந்தான் கிடைக்கும்."

"நானும் அங்கதானே படிச்சேன்?"

"அதனாலதான் சொல்றேன்."

ஆண்குயில் ஒரு வேப்பம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டது.

அந்தக் காட்டில் இரண்டு பொதுப்பள்ளிகள் இருந்தன. இரண்டிலும் கட்டணம் கிடையாது. இரண்டிலும் மதியம் அதே கம்புதான். கீழ்க்கரைப் பள்ளி, வேப்பமரத்துக்கு அடுத்த புங்கமரத்தடியில் இருந்தது. மேல்கரைப் பள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம், பெரிய ஆலமரத்தடியில். மேல்கரைதான் நல்ல பள்ளி என்றும், அதிலும் பாட்டில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றும் எல்லோரும் சொன்னார்கள். பெண்குயில் படித்த குயில். சொன்னதை அப்படியே நம்பிவிடாது. ஆகவே விசாரித்தது.

"அது ஏன் நல்ல பள்ளிக்கூடம்?" என்று அணிலைக் கேட்டது.

"அங்க இடமே கிடைக்காதே," என்றது அணில்.

"ஏன் கிடைக்காது?"

"நல்ல பள்ளிக்கூடமாச்சே."

பெண்குயில் இதை இரண்டு காரணங்களாக எடுத்துக்கொண்டது.

நேரில் பார்த்துவிடுவதும் நல்லது என்று முதலில் கீழ்க்கரைப் பள்ளிக்குப் போனது. அங்கே தலைமையாசிரியை ஒரு மைனா. தலைக்கு மேல் புங்கம்பூ உதிர்ந்துகொண்டிருக்க, பிள்ளைகள் ஆளுக்கொரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தன.

"எத்தனை டீச்சர்?"

"ரெண்டு பேர். ஒண்ணு நான். இன்னொருத்தர் எப்ப வருவார்னு எழுதிக் கேட்டிருக்கோம்."

"தேர்ச்சி எப்படி?"

"பறக்க வர்றவங்க பறந்துடறாங்க. மத்தவங்களை மறுபடி உட்கார வைக்கிறேன்." பிறகு மைனா பின்னால் திரும்பாமலே, "செவ்வந்தி, அவன் வாலை விடு," என்றது.

"யாருன்னு பார்க்காமயே எப்படித் தெரிஞ்சுது?"

"குரல் கேட்குதுங்களே."

சின்னப் பள்ளி, அதனால் தெரிகிறது என்று பெண்குயில் நினைத்துக்கொண்டது.

மேல்கரைப் பள்ளி வேறு மாதிரி இருந்தது. வாசலில் பெரிய தேக்கிலைப் பலகையில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று எழுதி, கீழே முதலிடம் பெற்ற பிள்ளைகளின் படங்களைப் போட்டிருந்தார்கள். எல்லாம் காகங்கள். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டதுபோல் இருந்தது. வகுப்பில் மின்மினிகளை அடைத்த ஸ்மார்ட் போர்டு ஒன்று இருந்தது. பள்ளி பகலில் நடந்ததால் அது எரிந்து யாரும் பார்த்ததில்லை.

பாட்டு வகுப்பு தொடங்கியது. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக வாயைத் திறந்தன. ஒரே சத்தம் வந்தது. ஒரு பிசிறில்லை.

அது கரைதல்தான் என்று பெண்குயிலின் காதுக்குத் தெரிந்தது. ஆனால் பலகையில் நூறு சதவீதம் என்று எழுதியிருந்தது. காதுதான் ஏதோ தவறாகக் கேட்டிருக்க வேண்டும்.

மேல்கரைப் பள்ளியில் சேர ஒரே ஒரு விதி. பள்ளியின் மரங்கொத்தி காலையில் மரத்தைத் தட்டி முதல் மணி அடிக்கும். அந்தச் சத்தம் கேட்கும் எல்லைக்குள் இருக்கிற கூட்டில் பிள்ளை கண் விழிக்க வேண்டும். ஆரம்பத்தில் அவரவர் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த காட்டிலிருந்துகூடத் தங்களுக்குக் கேட்கிறது என்று முயல்கள் காதைத் தூக்கிக் காட்டின. அதனால் பொறுப்பைப் பாம்பிடம் கொடுத்தார்கள். பாம்புக்கு எதுவரை கேட்கிறதோ அதுவே எல்லை. பாம்புக்கு அதிகம் கேட்காது. எல்லை மிகவும் சுருங்கிவிட்டது. சுருங்கியதும் பள்ளி இன்னும் நல்ல பள்ளியாகிவிட்டது.

பெண்குயில் தரகர் ஓணானைப் பார்த்தது. எது சொன்னாலும் தலையாட்டுகிற தரகர்.

"எல்லைக்குள்ள ஒரு கிளை வேணும்."

"இருக்குங்க," என்று தலையாட்டியது ஓணான்.

"எங்க?"

"இல்லீங்க," என்று அதே தலையை அதே மாதிரி ஆட்டியது. "எல்லாக் கிளையும் காக்காய்ங்க எடுத்துட்டாங்க. ஆனா நீங்க எதுக்குக் கிளை தேடறீங்க? பிள்ளை எல்லைக்குள்ள கண் முழிக்கணும்னுதானே விதி. அப்பா அம்மா எங்க முழிக்கணும்னு அதுல ஒண்ணும் இல்லையே."

பெண்குயில் சற்று நேரம் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தது. அது ஆடுவதை நிறுத்தவில்லை.

ஆலமரத்துக்கு அடுத்த நாவல் மரத்தில் மரகதம் என்ற காகம் குடியிருந்தது. கெட்டியான கூடு. உள்ளே நான்கு முட்டைகள். மரகதம் இரை தேடப் போன நேரத்தில் பெண்குயில் போய் ஐந்தாவதை வைத்துவிட்டு வந்தது.

"படிப்பு முடியுற வரைக்குந்தான்," என்று கணவனிடம் சொன்னது. "முடிஞ்சதும் கூட்டிட்டு வந்துடலாம்."

"கூட்டைக் காலியா வெச்சிருக்கணுமா?"

"ஆமா."

அன்றிலிருந்து பெண்குயில் எல்லையோரத்துப் பனைமரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்து பார்த்தால் நாவல் மரம் தெரியும். முட்டை பொரிந்ததைப் பார்த்தது. ஐந்து சிவந்த வாய்களில் தன்னுடையது எது என்று முதலில் தெரியவில்லை. மரகதம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஊட்டியது. ஐந்தாவதுக்கும் ஊட்டியது. அதற்குக் கரிகாலன் என்று பெயர் வைத்தது. பெயர் பள்ளியில் பதிவாயிற்று.

ஆண்குயில் மட்டும் வேப்பமரத்தில் இருந்தது. அதற்கு ஒரு யோசனை இருந்தது. விடியலில் மேல்கரைப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துப் பாடினால் பையன் காதில் விழும் என்று நினைத்தது. ஆனால் மேல்கரையில் அதே நேரத்தில் பாட்டுப் பயிற்சி நடந்தது. இத்தனை பேர் சேர்ந்து கரைவதைத் தாண்டி ஓடைக்கு அப்பாலிருந்து வரும் ஒரு குரல் என்ன செய்யும்? ஆண்குயில் இன்னும் ஒரு படி ஏற்றிப் பார்த்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் புங்கமரத்தடி மைனாப் பிள்ளைகள் மட்டுந்தான்.

வேப்பமரத்துக் கூடு ஒரு நாள் காற்றில் கீழே விழுந்தது. ஆண்குயில் அதைப் பார்த்தது. பிறகு எடுத்துக் கட்டலாம் என்று விட்டுவிட்டது.

படிப்பு முடிந்து மேல்கரைப் பள்ளியில் ஆண்டு விழா வந்தது. பரிசு கொடுக்கப் பள்ளி ஆய்வாளர் மயில் வந்திருந்தார். காட்டிலேயே இசையை மதிப்பிடும் பதவி அவருடையதுதான். அவர் பாடி அதிகம் பேர் கேட்டதில்லை. ஒரு முறை கேட்டவர்கள் இரண்டாம் முறை பாடச் சொன்னதில்லை.

குயில் தம்பதி கடைசிக் கிளையில் உட்கார்ந்தது. பாட்டில் முதல் பரிசு கரிகாலனுக்கு என்று அறிவித்தார்கள். கரிகாலன் முன்னால் வந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கரைந்தது.

குறையே சொல்ல முடியாத கரைதல். காகங்களுக்கே அப்படி வராது. நடுவில் ஒரே ஒரு இடத்தில் குரல் தானாக மேலே ஏறப் பார்த்தது. கரிகாலன் அதைப் பிடித்துக் கீழே கொண்டுவந்துவிட்டது. ஆசிரியர்கள் தலையசைத்தார்கள். பரிசு அதற்காகத்தான் என்று பிறகு சொன்னார்கள்.

"முதல் பரிசுங்க," என்றது பெண்குயில்.

ஆண்குயில் அன்று பழம் தின்னவில்லை.

விழா முடிந்ததும் மரகதம் நேராகப் பெண்குயிலிடம் வந்தது.

"கரிகாலன் உங்க பையன்தானே?"

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டது பெண்குயில்.

"என் கூட்டுல எத்தனை முட்டைன்னு எனக்குத் தெரியாதாங்க?"

"தெரிஞ்சுமா அடைகாத்தீங்க?"

"குயில் பிள்ளை ஒண்ணு கூட இருந்தா என் பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் பாட்டு வரும்னு நினைச்சேன். பாட்டுக்குப் பேர்போன பள்ளிக்கூடம்னுதானே நானும் இங்க கிளை பிடிச்சேன். எங்க? இவனே கரையப் பழகிட்டான்." மரகதம் பெருமூச்சு விட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வீட்டுல கொஞ்சம் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கலாம்."

"நான் முட்டையாத்தானே அனுப்பினேன்."

"அதுவும் சரிதான்," என்றது மரகதம்.

இரண்டு தாய்மாரும் கொஞ்ச நேரம் ஒரே கிளையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மரகதம் கரிகாலனைக் கூப்பிட்டு, "இவங்கதான்டா உன்னைப் பெத்தவங்க. கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க," என்றது.

கரிகாலன் பெண்குயிலை மரியாதையாகப் பார்த்தது. உடம்பெல்லாம் தகப்பனின் கறுப்பு. கண் மட்டும் சிவக்கத் தொடங்கியிருந்தது.

"உங்க மரம் எங்க இருக்கு, ஆன்ட்டி?"

"கீழ்க்கரையில. வேப்பமரம்."

"எல்லைக்குள்ள வராதே."

"வராது."

"நாளைக்கு எனக்குக் குடும்பம்னு ஒண்ணு வந்தா பிள்ளைங்களை எங்க சேர்க்கிறது? நான் இங்கயே இருந்துடறேன், ஆன்ட்டி."

நன்றாகத்தான் வளர்த்திருக்கிறார்கள் என்று பெண்குயிலுக்குத் தோன்றியது. வீடு பார்க்க வேண்டிய முறை இந்த வயதிலேயே தெரிந்திருந்தது. அது கரிகாலனின் இறகில் ஒட்டியிருந்த ஒரு துரும்பை மட்டும் எடுத்துவிட்டு, கணவனோடு ஓடையைக் கடந்தது.

ஆய்வாளர் மயிலும் அன்று ஓடையைக் கடந்துதான் ஊர் திரும்பினார். வழியில் புங்கமரத்தடியில் மைனாப் பிள்ளைகள் கூவிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிட ஒரு படி உயர்ந்து, இனி ஏற இடமில்லை என்ற இடத்தில் சட்டென்று நின்றது. யார் சொல்லிக்கொடுத்தது என்று மயில் கேட்டார். "அந்த மரத்துல ஒருத்தர் பாடுவார், சார்," என்றது மைனா. கீழ்க்கரைப் பள்ளியில் இசைக் கல்வி சிறப்பு என்று மயில் எழுதிவிட்டுப் போனார்.

அடுத்த பருவத்துக்குள் கீழ்க்கரையில் இடம் கிடைக்காமல் போயிற்று. காகங்கள் ஓடையைக் கடந்து வந்தன. கீழ்க்கரைக்கும் எல்லை வகுக்கப் பாம்பு வந்தது. எல்லை வேப்பமரத்தோடு நின்றது. மரத்தின் எல்லாக் கிளைகளிலும் கெட்டியான கூடுகள் எழுந்தன.

"நாங்க இங்கயே இருந்தவங்க," என்று பெண்குயில் ஓணானிடம் சொன்னது.

"ஆமாங்க," என்று தலையாட்டியது ஓணான். "உங்க கூடு எதுன்னு காட்டுங்க. எழுதிக்கிறேன்."

காட்டுவதற்கு ஒன்றுமில்லை. குயில் கூடு விழுந்த இடத்தில், அதே கவட்டில், மரகதம் புதுக்கூடு கட்டிக் குடிவந்திருந்தது. அதன் பிள்ளைகளுக்கு இந்த முறையாவது பாட்டு வர வேண்டும்.

பெண்குயிலுக்கு மறுபடி முட்டை வந்தது. ஒரு காலையில் மரகதம் இரை தேடப் போகாமல் கூட்டோரத்தில் உட்கார்ந்திருந்தது. குயில்கள் வருவதைப் பார்த்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

முட்டையை வைத்தபின் ஆண்குயில் உடனே பறந்துவிடவில்லை. கூட்டுக்குள் குனிந்து, மிகவும் தாழ்ந்த குரலில், ஓட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் பாடியது. ஒரு படி. இன்னொரு படி.

"போதுங்க," என்றது பெண்குயில். "மணி அடிக்கறாங்க. கூடு இல்லாத நாம எல்லைக்குள்ள இருக்கக்கூடாது."

நீதி: நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் பெற்றோருக்கு இடம் கிடைப்பது கடினம். பிள்ளைகளுக்குச் சுலபம்.