ஸ்பீக்கர் அண்ணாச்சியின் எட்டு முழக் கார்

சங்கரன்கோவிலில் வாடகைக் காரில் ஒரு தடவையாவது போனவர்கள் அத்தனை பேருக்கும் ஸ்பீக்கர் அண்ணாச்சி மனைவியின் குரல் தெரியும். முகம் ஒருவருக்கும் தெரியாது.

அண்ணாச்சி வண்டியை எடுக்கும்போதே செல்போனை ஸ்டியரிங்குக்கு எதிரே ரப்பர் பேண்டால் கட்டி, மனைவியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். அதன் பிறகு வீடு திரும்பும் வரை வர்ணனைதான்.

"கரிவலம் தாண்டிட்டேன்ட்டி. முன்னால ஆடு போகுது. ஒதுங்க மாட்டேங்குது."

அண்ணாச்சி மனைவி எங்களுக்கெல்லாம் மதினி. மதினியும் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். "பின்னால இருமுதது யாருங்க? சுக்கு தட்டிப் போட்டுக் குடிக்கச் சொல்லுங்க" என்பார். பத்திர ஆபீசுக்குப் போன அண்ணன் தம்பி இரண்டு பேர் காரிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டபோது, மதினி போனில் போட்ட அதட்டலில் இருவரும் இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு வந்தார்களாம்.

மதினிக்குப் பெட்ரோல் வாடை ஆகாது. கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாகக் காரில் ஏறியவர், தெருமுனை தாண்டுவதற்குள் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் வாந்தி எடுத்துவிட்டு, மிச்சத் தூரத்தை நடந்தே வந்தார். அன்றோடு சரி. கார், பஸ், பைக் எதிலும் ஏறுவதில்லை. ரயில் மட்டும்தான். ஊருக்கெல்லாம் கார் ஓட்டுகிற மனுஷன், பெண்டாட்டியைப் போனில்தான் கூட்டிக்கொண்டு போனார்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் மகளை ராயகிரியில் கொடுத்தார்கள். ராயகிரிக்கு ரயில் கிடையாது. மகள் உண்டானாள். வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். "அம்மா வராம ஒரு வளையல்கூடப் போட மாட்டேன்" என்று மகள் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை கார் ஸ்டாண்டில் அண்ணாச்சி எங்களை எல்லாம் கூட்டினார். நான் அவருக்கு அடுத்து வண்டி நிறுத்துகிறவன். எனக்குப் பேச்சு வராது. அதனாலேயே எதையும் என்னைப் பார்த்துத்தான் சொல்லுவார்.

"ஏலே, கரண்ட்டு கார் வாங்கப் போறேன். சின்னதா இருக்கணும். எங்க தறிகாரத் தெருவுல திரும்பணும். வீட்டு கரண்ட்டுல சார்ஜ் ஏறணும். செல்லு வைக்க கண்ணுக்கு நேரா ஒரு இடம் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

ஸ்டாண்டே தலையாட்டியது. எங்கள் எல்லோருக்கும் அதே ஆசைதான். ஆனால் கம்பெனிக்காரர்கள் செய்வதெல்லாம் கல்யாண மண்டபத்துக்குச் சக்கரம் வைத்தது மாதிரி இருக்கிறது.

திருநெல்வேலியில் ஒவ்வொரு ஷோரூமாக ஏறி இறங்கினோம். நானும் துணைக்குப் போனேன். அண்ணாச்சி டேப் கொண்டு போகவில்லை. வேட்டி கொண்டு போனார். எட்டு முழ வேட்டியைக் காரின் மூக்கிலிருந்து முதுகு வரை போர்த்துவார். பிறகு நாலு முழ வேட்டியைக் குறுக்கே பிடிப்பார். இரண்டுக்குள்ளும் அடங்கினால்தான் அவர் தெருவுக்குள் நுழையும் என்பது அவர் கணக்கு. அடங்காவிட்டால் வேட்டியை உதறி மடித்துக்கொண்டு, "வேற கடை பாப்பம்" என்று இறங்கிவிடுவார். கார் வாங்க வந்தவரா, செத்தவருக்குப் போடுவதுபோல காருக்குக் கோடித் துணி போட வந்தவரா என்று ஷோரூம்காரர்கள் திகைத்து நிற்பார்கள்.

நாலாவது கடையில் ஒரு குட்டிக் கார் வேட்டிக்குள் அடங்கியது. அண்ணாச்சி உள்ளே ஏறினார். நடுவில் பெரிய ஸ்கிரீன்.

"டி.வி. வீட்டுல கெடக்கு. செல்லு எங்க வைக்க?"

"போனை கனெக்ட் பண்ணிட்டா எல்லாம் இதுலயே வரும் சார்" என்று விற்பனைக்காரர் ஏதோ தட்டினார். ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். பாலம் ஏறும்போது, "ஏங்க!" என்று நாலு கதவிலிருந்தும் மதினியின் குரல் வெடித்தது.

அண்ணாச்சி வண்டியை ஓரத்தில் நிறுத்தி, இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து பார்த்தார்.

"உங்க போன் கால்தான் சார், கார் ஸ்பீக்கர்ல வருது" என்றார் விற்பனைக்காரர்.

அண்ணாச்சி வெட்கத்தோடு ஏறி மறுபடி ஓட்டினார். மதினி விடவில்லை. "வண்டிச் சத்தமே கேக்கலையே. எங்கன நின்னுக்கிட்டு இருக்கீங்க?"

"ஓடிக்கிட்டுத்தாம்ட்டி இருக்கு."

"பொய் சொல்லாதீங்க."

"மேடம், நிஜமாவே ஐம்பதுல போறோம்" என்று விற்பனைக்காரர் சாட்சி சொன்னார்.

பிறகு மதினி மெதுவாகக் கேட்டார். "வாடை அடிக்குதாங்க?"

அண்ணாச்சி மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். "புதுச் சட்டை வாடைதாம்ட்டி அடிக்கி."

அங்கேயே முன்பணம் கட்டிவிட்டார். செல்போன் வைக்க ஒரு தாங்கியும் போட்டுத் தந்தால்தான் வண்டியை எடுப்பேன் என்று சண்டை பிடித்து அதையும் வாங்கினார்.

வளைகாப்புக்கு முந்தின நாள்தான் வண்டி வந்தது. கோவிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணைக் குழைத்து, மனிதருக்கு நெற்றியில் இடுவதுபோல, சார்ஜ் போடும் மூடியில் இட்டார்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். "ஏலே, நீ பின்னால இரு. அவளுக்கு ஒரு மாதிரி வந்தா நான் அவளைப் பிடிச்சுக்கிடுதேன், நீ வண்டிய எடு."

எலுமிச்சம்பழம், துண்டு, பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும் நான் பின்சீட்டில் தயாராக உட்கார்ந்தேன். மதினி பட்டுச்சேலையில் வந்து முன்சீட்டில் ஏறினார். அந்தக் குரலுக்கு உருவம் இவ்வளவு சிறியதாக இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

வண்டி நகர்ந்தது. அண்ணாச்சி வாயே திறக்கவில்லை. கண் ரோட்டில் பாதி, மதினி முகத்தில் பாதி. மதினி கண்ணாடியை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"கரிவலம் தாண்டிட்டோம்."

"தெரியுதுங்க. பக்கத்துலதான இருக்கேன்."

மதினிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது எனக்கு. இத்தனை வருஷமும் முன்னால் உட்கார்ந்து ஓட்டிய உடம்பு, பின்சீட்டில் குலுங்கி வந்ததில் குடலைப் புரட்டிவிட்டது. கையிலிருந்த பையை எனக்கே விரித்தேன்.

வண்டி நின்றது. அண்ணாச்சி ஓடி வந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். "நல்ல ஆளத் துணைக்குக் கூட்டியாந்தீங்க" என்று மதினி பட்டுச்சேலையைச் செருகிக்கொண்டு, என் முதுகைத் தடவித் தண்ணீர் கொடுத்தார்.

வளைகாப்புக்கு நேரமாகிறது, போகலாம் என்று சைகை காட்டினேன். எனக்கு முகம் தெளிகிறவரை இரண்டு பேரும் என்னை விட்டு நகரவில்லை.